லேசர் காத்திருக்கும், வெண்பலகை காத்திருக்குமா?

ஆசிரிய நண்பர்களுடனும் பெற்றோர்களுடனும் ஒரு செய்தியைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு முன்னர் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடந்த ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களைக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சிகளைக் காண அழைத்துச் சென்றோம். அனைவரும் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புறப் பிள்ளைகள்தாம். ஆயினும் பலர் அன்றுதான் முதன்முறையாக இரவில் படகேறினர். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். தீபாவளி விளக்குகளைப் போல் இருந்தன என்று பெரும்பாலோர் எழுதினர். ஒரு மாணவன் மட்டும், “மரத்தில் புகை போல வெளிச்சம் இருந்தது. பூச்சியைப் பார்க்கவில்லை” என்று இரண்டே வரிகள் எழுதியிருந்தான். ‘இன்னும் விரிவாக எழுதுக’ என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரங்களில் அவன் பக்கத்து மாணவனின் ஏட்டைப் பார்த்தே கணக்கை எழுதுவதைக் கண்டேன். கண்டித்து, பின்வரிசையில் தனியே அமர வைத்தேன். அங்கே அவன் ஒன்றுமே எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், பலகையில் உள்ளதை வாசி என்றேன். அவன் எழுந்து நடந்து வந்து, பலகைக்கு நான்கடி தூரத்தில் நின்று வாசித்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டுரையில் அவன் கண்டதைத்தான் எழுதியிருக்கிறான்; கண்டுகொள்ளாதவள் நான்.

பெற்றோரை அழைத்துப் பேசினேன். தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். “டீச்சர், இப்பவே கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமாம். பசங்களும் கிண்டல் பண்ணுவாங்க. கொஞ்சம் பெரியவனானதும் லேசர் செஞ்சிடலாம்னு இருக்கோம்” என்றார். தாயாரும் தலையசைத்தார். மகன் மீது அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் பெயரில் மாதந்தோறும் சிறிது பணமும் சேர்த்து வருகின்றனர். இதைப் போன்ற பேச்சை மற்ற பெற்றோரிடமும் கேட்டிருக்கிறேன். ஆகவே, சீரொளி என்று நூல்கள் குறிப்பிடும் இந்த லேசர் சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நாம் தெளிவாக அறிவது நல்லது.

இதன் வேரில் சென்னையில் பிறந்த ஓர் அறிவியலாளர் இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்று, ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது எக்சைமர் எனும் புறஊதா லேசரைச் செலுத்திப் பார்த்தார். அது சுற்றிலும் சுட்டுக் கருக்காமல், வேண்டிய இடத்தை மட்டும் துல்லியமாகச் செதுக்கியது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் செய்த இக்கண்டுபிடிப்பே இன்றைய கண் லேசர் சிகிச்சைக்கு அடித்தளம்.

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் தெளிந்திருக்கும் படலத்தைக் கார்னியா என்பர். கிட்டப்பார்வை உள்ளவர்க்குத் தொலைவிலுள்ள பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னதாகவே விழுந்துவிடுகிறது. கார்னியாவின் வளைவைச் சற்றே மாற்றினால் உருவம் உரிய இடத்தில் விழும். இதற்கான வழிகள் வருமாறு:

1. பி.ஆர்.கே.: கார்னியாவின் மேல்தோலை அகற்றிவிட்டு லேசரால் செதுக்குவது. சில நாள்கள் வலி இருக்கும். பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகலாம். கார்னியா சற்று மெலிந்தவர்க்கும் சில வேளைகளில் ஏற்றது.

2. லாசிக்: கார்னியாவில் மெல்லிய மூடி போல் ஒரு படலத்தைத் திறந்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மூடுவது. மறுநாளே பலருக்குப் பார்வை தெளிந்துவிடும். கண் உலர்தல், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிதல் ஆகிய தொல்லைகள் நேரலாம்.

3. ஸ்மைல்: மூடி திறக்காமல், கார்னியாவின் உள்ளே சிறு வில்லை போன்ற பகுதியை லேசரால் பிரித்து, சிறு துளை வழியே வெளியே எடுப்பது.

லேசரே இல்லாமல் கண்ணுக்குள் மெல்லிய வில்லையைப் பொருத்தும் ஐ.சி.எல். முறையும் உண்டு. குறை மிக அதிகமானவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது.

இவை நல்ல சிகிச்சைகள்தாம். ஆனால், அனைவருக்கும் உரியவை அல்ல. பதினெட்டு வயதாவது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாகப் பார்வையின் அளவு மாறாதிருக்க வேண்டும். கார்னியா மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய் உள்ளவர்க்கு லாசிக் ஆகாது. தெற்காசிய வம்சாவளியினரிடையே அந்நோய் அதிகம் காணப்படுவதால் நம்மவர்கள் முன்சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கருவுற்றிருக்கும் பெண்கள் காத்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் தடையாகும். கிட்டப்பார்வை மிகுந்தவரின் விழித்திரைக்கு உள்ள ஆபத்தும் லேசரால் நீங்குவதில்லை.

நானும் சில ஆண்டுகளுக்கு முன்னர் இச்சிகிச்சையை விரும்பிச் சோதனைக்குச் சென்றவளே. “செய்யலாம். ஆனால், உங்களுக்கு வெள்ளெழுத்து தொடங்கும் வயது. வாசிக்க எப்படியும் கண்ணாடி வேண்டும்” என்றார் மருத்துவர். பல ஆயிரம் ரிங்கிட்டை மிச்சப்படுத்திக்கொண்டு, பழைய மூக்குக்கண்ணாடியோடே திரும்பினேன்.

இப்போது அந்த மாணவனின் கணக்கைப் பாருங்கள். அவனுக்கு வயது பத்து. லேசர் செய்ய இன்னும் எட்டு ஆண்டுகளாவது ஆகும். அதற்குள் தொடக்கப்பள்ளி முடியும், இடைநிலைப்பள்ளி முடியும், எஸ்.பி.எம். தேர்வும் முடிந்துவிடும். பலகையைப் பார்க்க வேண்டிய காலம் முழுவதும் பார்க்காமல் கழித்துவிட்டு, அதன் பின்னர் கண்களைச் சரிசெய்து என்ன பயன்? ஒரு கண்ணில் மட்டும் குறை உள்ள சிறு பிள்ளையின் நிலை இன்னும் மோசம். சோம்பல் கண் எனும் அக்குறையைச் சிறுவயதிலேயே கண்டு சிகிச்சை தராவிட்டால், பிற்காலத்தில் எந்த லேசராலும் அப்பார்வையை மீட்க இயலாது.

கண்ணாடி அணிந்தால் பவர் ஏறும் என்பது உண்மையா? இதனை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 9 முதல் 14 வயது வரையிலான 94 பிள்ளைகளை ஈராண்டுகள் கவனித்த அந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. வேண்டிய அளவைவிடக் குறைத்துக் கொடுத்த கண்ணாடியை அணிந்தவர்க்கே கிட்டப்பார்வை அதிகமாகக் கூடியது. பிள்ளை வளரும்போது விழிக்கோளமும் நீள்வதால் அளவு கூடுகிறது. அதற்குக் கண்ணாடி காரணமன்று. சீனாவின் ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளில் இலவசக் கண்ணாடி வழங்கிச் செய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணிதப் புள்ளிகள் உயர்ந்தன.

ஆசிரியப் பெருமக்களே! சுகாதார அமைச்சின் குழு முதலாம் ஆண்டில் பார்வையைச் சோதிக்கிறது. ஆனால், கிட்டப்பார்வை பெரும்பாலும் அதற்குப் பிறகே தோன்றுகிறது. என் மாணவனும் முதலாம் ஆண்டுச் சோதனையில் தேறியவன்தான். ஆகவே, கண்களைச் சுருக்கிப் பார்ப்பவன், நூலை முகத்தருகே பிடிப்பவள், அடிக்கடி தலைவலி என்பவன், அண்டை ஏட்டைப் பார்த்து எழுதுபவன் ஆகியோரைச் சோம்பேறி என்று முடிவுகட்டுமுன் பலகையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோர்களே! அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்குச் சென்று கேளுங்கள். தேவையானால் கடிதம் கொடுத்து, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். நாள்தோறும் பிள்ளையை வெளியில் விளையாட விடுங்கள். பகல் வெளிச்சத்தில் இருக்கும் நேரம் கிட்டப்பார்வை தோன்றுவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. லேசருக்குச் சேர்க்கும் பணத்தைத் தொடர்ந்து சேருங்கள். அதில் ஒரு சிறு பகுதியை இன்றைய கண்ணாடிக்குச் செலவிடுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவிற்கு வாங்கும் கோப்பைகளில் சிலவற்றைக் குறைத்தால், வசதி குறைந்த சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்கித் தரலாம். கோப்பை அலமாரியில் இருக்கும். கண்ணாடி வகுப்பில் பயன்படும்.

அம்மாணவனின் தந்தை மறுமாதமே கண்ணாடி வாங்கித் தந்தார். அதை அணிந்து வந்த முதல் நாள் அவன் பாடத்தைக் கவனிக்கவே இல்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன். “டீச்சர், கூரையில பல்லி இருக்கு!” என்றான். வகுப்பே சிரித்தது. அவனை முன்வரிசைக்கு மாற்றினேன். அந்தக் கட்டுரைக்கு நான் இட்ட சிவப்புக் குறிப்பையும் அடித்துவிட்டேன்.

உங்கள் வகுப்பின் பின்வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார்? நாளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.