காந்தம் தொட்டால் மனச்சோர்வு நீங்குமா?

நீண்டகாலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்பதால், 'அங்கீகாரம் கிடைத்தது' என்று முடியும் செய்தியைப் படித்தவுடன் என் மனதில் ஒரு கேள்வி எழுந்துவிடும். எந்த ஆதாரத்தின் பேரில் கிடைத்தது? 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ஒரு செய்தியையும் அக்கேள்வியுடனேயே அணுகினேன். 15 முதல் 21 வயது வரையான இளையோரின் மனச்சோர்வு நோய்க்கு, மற்றைய சிகிச்சைகளுடன் சேர்த்து, காந்த மூளைத் தூண்டலையும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு நிறுவனத்தின் கருவிக்கு அனுமதி வழங்கியது என்பதே அச்செய்தி.

இச்சிகிச்சையைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்தார். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த பாடம்தான் அது. பிரித்தானியாவின் ஷெபீல்ட் நகரில் அன்ரனி பார்க்கரும் அவரது குழுவினரும் 1985இல் அதே தத்துவத்தைக் கொண்டு, மண்டையோட்டைத் திறக்காமலே மூளையைத் தூண்டிக் காட்டினர். நோயாளியின் முன்தலையின் இடப்பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்து, விட்டுவிட்டுக் காந்தத் துடிப்புகளைச் செலுத்துவார்கள். மரங்கொத்தி கொத்துவதைப் போன்ற ஓசை கேட்கும். மின் அதிர்ச்சிச் சிகிச்சை வேறு, இது வேறு. இதற்கு மயக்க மருந்து தேவையில்லை. நோயாளி விழித்தபடியே நாற்காலியில் அமர்ந்திருந்து, முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். வலிப்பு ஏற்படும் ஆபத்து உண்டெனினும் அது மிக அரிது. வளர்ந்தவர்களுக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்கா 2008இலேயே அனுமதி அளித்துவிட்டது.

இளையோருக்கு ஒரு புதிய வழி அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 15 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாம் இடத்தில் நிற்கிறது. மனச்சோர்வு மாத்திரைகள் சில பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2004இல் எச்சரித்தது. மாத்திரைகளால் பயன் பெறாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் எந்தக் கதவையும் தட்டிப் பார்க்க விரும்புவது இயல்பே.

ஆனால் ஆதாரம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 12 முதல் 21 வயது வரையான 103 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. அனைவரும் மாத்திரைகளால் போதிய பயன் பெறாதவர்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான காந்தச் சிகிச்சையும் மறுபகுதியினருக்குப் போலிச் சிகிச்சையும் ஆறு வாரங்களில் 30 தடவைகள் வழங்கப்பட்டன. உண்மைச் சிகிச்சை பெற்றோரில் 41.7 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். போலிச் சிகிச்சை பெற்றோரில் 36.4 சதவீதத்தினருக்கு அதே முன்னேற்றம் கிட்டியது. புள்ளிவிபரக் கணக்கில் இது வேறுபாடே அல்ல.

அப்படியானால் மூன்று ஆண்டுகள் கழித்து அனுமதி எவ்வாறு கிடைத்தது? உற்பத்தி நிறுவனம் தனது கருவியால் சிகிச்சை பெற்ற 1,169 இளையோரின் விபரங்களைத் திரட்டி, அவர்களில் 78 சதவீதத்தினர் முன்னேறினர் என்று காட்டியது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சை பெற்ற குழு எதுவும் இல்லை. அத்துடன் அமெரிக்கச் சட்டத்தில் இத்தகைய கருவிக்கு அனுமதி பெறும் வழி, புதிய மருந்துக்குரிய வழியை விட இலகுவானது. ஏற்கனவே அனுமதி பெற்ற கருவிக்கு ஒப்பானது என்று நிறுவினால் போதும். தலைப்புச் செய்திகளில் இந்த வேறுபாடு காணாமற் போய்விடுகிறது.

இதனால் இச்சிகிச்சை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவரவில்லை. வளர்ந்தவர்களிடம் இது பயனளிக்கிறது என்பதற்குத் தக்க ஆய்வுகள் உண்டு. இளையோரிடமும் பயனளிப்பதாக நாளை நிரூபிக்கப்படலாம். நிரூபிக்கும் வரை அதனை அற்புதமென விற்கக்கூடாது என்பதே என் வாதம்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தவர்கள் போலிச் சிகிச்சை பெற்று முன்னேறிய பிள்ளைகளே. மனச்சோர்வு சிலரிடம் காலப்போக்கில் தானாகவே தணியும் என்பது ஒரு காரணம். நம்பிக்கை இன்னொன்று. மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆறு வாரங்கள் யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையை அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர் அதன் வருகைக்காகக் காத்திருந்தார், நலம் விசாரித்தார், பதில் சொல்லும்வரை கேட்டார்.

நம் வீடுகளில், யாழ்ப்பாணமானாலும் ரொறொன்ரோவானாலும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? சோம்பேறி என்ற பட்டம், நாவூறு கழிக்க ஒரு பிடி மிளகாய், நாலு பேருக்குத் தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்ற எச்சரிக்கை. வைத்தியரை நாடுவது கடைசியில்தான்.

இச்சிகிச்சையை யோசிக்கும் பெற்றோர் வைத்தியரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். உளவளத்துணையும் மருந்தும் முறையாக முயன்று பார்க்கப்பட்டனவா? பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் ஏதும் உண்டா என்று பார்த்தீர்களா? எத்தனை தடவைகள் வரவேண்டும், செலவு எவ்வளவு, பயன் இல்லையெனில் அடுத்து என்ன? வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளைக்கு எந்த இயந்திரத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடைக்காது, எல்லோருக்கும் கட்டுப்படியாகவும் மாட்டாது. 'எப்படியிருக்கிறாய், பிள்ளை?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அருகில் அமர்ந்திருப்பதற்கு எந்த நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.