டயரைத் தாங்கும் கதவு சைக்கிளையும் தாங்குமா?

"ஸ்பெயார் வீலையே தாங்குகிற கதவு இரண்டு சைக்கிளைத் தாங்காதா?" ஜீப்புக்குப் பின்னால் சைக்கிள் ஏற்றக் கெரியர் தேடும் எவருடைய காதிலும் இந்த வசனம் விழாமல் போகாது. பஜெரோ, பிராடோ, ஜிம்னி என்று பின்கதவில் டயர் தொங்கும் வண்டி எதுவானாலும், அந்த டயரின் நட்டுகளிலேயே கெரியரைப் பூட்டி இரண்டு சைக்கிளைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்று விற்பவர் சொல்கிறார், வாங்கியவர் அதையே அடுத்தவருக்குச் சொல்கிறார். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லியே இது நிரூபிக்கப்பட்ட உண்மைபோல் ஆகிவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் இருப்பவர்கள் இதை நம்பி ஏமாறுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் இங்கிருந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் சமதரை கிடையாது. ஏ10 வீதியில் கலகெதரையின் வளைவுகள், ஏ9 வழியே மாத்தளைக்குப் போய் ரத்தோட்டையால் ரிவஸ்டன் ஏற்றம், தெல்தெனியப் பக்கமாக ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறி அங்கிருந்து மீமுரேக்கு இறங்கும் நக்கிள்ஸ் மலைப்பாதை. ஒரு கெரியரின் தரத்தை இந்தப் பாதைகளில்தான் அளக்க வேண்டும்.

அந்த வசனத்தின் அடிப்படைப் பிழை, எடையை மட்டும் பார்த்துத் தூரத்தைப் பார்க்காததுதான். சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் விசையின் திருப்பம் என்று படித்தோமே, அது போதும் இதை விளங்கிக்கொள்ள. ஒரு பெரிய ஜீப்பின் ஸ்பெயார் வீல் ஏறக்குறைய 30 கிலோ என்று வைப்போம். அதன் எடை மையம் கதவிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே என்றால், பிணைச்சல்கள் தாங்கும் திருப்பம் 600 கிலோ-சென்ரிமீற்றர். இப்போது 15 கிலோ சைக்கிள்கள் இரண்டைத் தொங்கவிடுங்கள். டயரைத் தாண்டித்தானே தொங்கவிட முடியும்? முதலாவது 45 சென்ரிமீற்றரில், இரண்டாவது 60 சென்ரிமீற்றரில் என்று கொண்டால் இவை இரண்டும் மட்டும் 1,575 சேர்க்கின்றன. எடை இரண்டு மடங்காகியது; திருப்பமோ மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. கெரியரின் சொந்த எடையை இதில் நான் சேர்க்கவே இல்லை. இதுவும் வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. குழியில் விழுந்து எழும் கணத்தில் சுமை இரட்டிப்பாகலாம், மலைப்பாதையில் அது ஒருதடவை நடந்து முடிவதில்லை. விளைவு அன்றைக்கே தெரிவதும் இல்லை. மேல் பிணைச்சலைச் சுற்றியுள்ள தகட்டில் பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும், மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கித் துருப்பிடிக்கும், பிறகு கதவைச் சற்றே தூக்கி அடித்தால்தான் பூட்டு விழும். அந்த நிலைக்கு வந்த பிறகு ரப்பரை மாற்றுவதிலோ பூட்டை நகர்த்துவதிலோ பயனில்லை. கதவு தொய்ந்துவிட்டது.

"கெரியர் செய்த கம்பனியே இரண்டு சைக்கிள் என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். கம்பனி உத்தரவாதம் தருவது தன் இரும்புக்கு. உங்கள் கதவின் வயது அதற்குத் தெரியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனாலும் நம் மலைகளில் ஓடும் ஜீப்புகளில் தொண்ணூறுகளின் பஜெரோக்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் கதவுகள் ஏற்கெனவே ஒரு டயரைப் பல்லாயிரம் கிலோமீற்றர் சுமந்து களைத்தவை. புதிய வண்டிக்குச் சொன்ன எண்ணை இவற்றின்மேல் ஏற்றுவது நியாயமே இல்லை.

பூட்டுவது சுலபம் என்கிறார்கள். சைக்கிளை இறக்காமல் பின்கதவைத் திறக்க முடியாத சுலபம் எனக்கு வேண்டாம். கூரையில் ஏற்றுவது அதைவிட மோசம் என்கிறார்கள். வண்டியின் எடை மையம் உயர்வது உண்மைதான், ஆனால் கூரையின் குறை கதவுக்குத் தகுதி ஆகிவிடாது. இவற்றைவிடப் பாரதூரமானது வெளிச்சம். தொங்கும் சில்லுகளும் ஹாண்டிலும் பிரேக் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கின்றன. ஹுன்னஸ்கிரியவில் பிற்பகலில் மூடுபனி இறங்கினால், பின்னால் வரும் பஸ் சாரதிக்கு உங்கள் வண்டி இருப்பதைச் சொல்ல அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் இருக்கிறது. பதிவிலக்கம் தெரியாவிட்டால் பொலிஸ் மறிப்பதும் சரியே. புகைக்குழாயின் வாய்க்கு நேரே ஒரு டயர் தொங்கினால் ஏற்றம் முழுக்க அது சூட்டில் வேகும். கார்பன் பிரேம் என்றால் நட்டம் இன்னும் பெரிது.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். கதவுக்குப் பதிலாகச் செசியில் பொருத்திய டோ பாரில் மேடைக் கெரியர் போட்டால் பின்பக்கம் நீண்டு, செங்குத்தான இறக்கம் முடியும் இடத்தில் தரையில் இடிக்கும் என்பது அது. பின்புறம் இடிக்காமல் 49 பாகை வரை சமாளிக்கும் ஜிம்னி, மேடை வந்ததும் அந்த வசதியில் ஒரு பங்கை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் வண்டி அவ்வளவு சரிவில் இறங்க வேண்டிய இடம், சைக்கிளை இறக்கி ஓட்டத் தொடங்க வேண்டிய இடம். அதற்காகத்தானே கொண்டுவந்தோம்! வெறும் மேடையை மேலே மடித்துவிட்டால் வண்டி பழையபடி போகும். மேடையில் சைக்கிள் தன் சில்லுகளில் நிற்கிறது, பாரம் செசிக்குப் போகிறது, கதவு கதவாக மட்டும் இருக்கிறது. அதற்கென்று லைட்டும் இலக்கத்தகடும் பொருத்திய மேடைகளும் உண்டு. செலவு அதிகம்தான். டபுள் கெப் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவே இல்லை, பின்தட்டில் படுக்கவைத்துக் கட்டினால் போதும். மற்றவர்கள் மேடைக்கும் டோ பாருக்கும் ஆகும் பணத்தைக் கதவுக் கெரியரின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு நின்றுவிடாமல், பழைய பஜெரோவுக்குப் பிணைச்சல் சேதமாகாத பின்கதவு ஒன்று இன்று என்ன விலை போகிறது என்றும் விசாரித்துப் பார்க்கட்டும்.