பேட்டரி மேல பழி போடாதீங்க

பயிர் மஞ்சளடிச்சா யூரியா போடு என்று உரக்கடைக்காரர் சொன்ன காலத்தை நாம் தாண்டி வந்துவிட்டோம். தண்ணி தேங்குதா, வேர் அழுகுதா, மண்ணுல மக்கு இல்லையா என்று தோண்டிப் பார்க்கப் பழகிட்டோம். ஆனால் வண்டி விஷயத்தில் இன்னும் பழைய ஆளுகதான். செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி போச்சு, புதுசு வாங்கு.

நானும் அப்படித்தான் இருந்தேன். தென்னந்தோப்பில் உழவை நிறுத்திவிட்டு, களையை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடுவதற்குச் சின்ன டிராக்டரும் பின்னால் மாட்டும் ஸ்லாஷரும் வைத்திருக்கிறேன். மாடு இருக்க டிராக்டர் எதுக்கு என்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆளும் மாடும் இல்லாத தோப்புக்காரனுக்கு வேறு வழி என்ன?

இரண்டு வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். மூன்றாவதும் ஒருநாள் காலையில் 'டக் டக்' என்றதோடு சரி. மழை முடிந்த நேரம், களை இடுப்பளவு நிற்குது. விதை விழுவதற்குள் வெட்டியாகணும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று, "களைக்கொல்லி அடிச்சா ஒருநாள் வேலைங்க" என்றார். பொய் சொல்லக்கூடாது, அன்று எனக்குச் சபலம் வந்தது. பத்து வருஷம் மருந்து படாத மண்ணு, ஒரு செல்ஃப் மோட்டார் எடுக்காததால கெட்டுப்போகப் பார்த்தது.

காப்பாற்றியது மோட்டார் ரீவைண்டிங் தெரிந்த ஒரு தம்பி. எதையும் கழற்றாமல் முதலில் மல்டிமீட்டரை வைத்தான். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற பேட்டரியில் 11.9 வோல்ட். நிறைய சார்ஜ் உள்ள பேட்டரி 12.6, 12.7 காட்டணும், 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, எர்த் கிளிப்பை எஞ்சின் இரும்பிலேயே மாட்டினான். வண்டி உடனே எடுத்தது. அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை ஏற்றி பேட்டரியில் மீண்டும் அளந்தால் 12.1. ஓடுற வண்டியில் 13.8-லிருந்து 14.5 வரை வரணும். அப்போ பேட்டரிக்குச் சாப்பாடே போகலை.

டைனமோ பெல்ட் இறுக்கமாக இருந்தது. டைனமோ வாயில் அளந்தால் 14.2. நடுவில் 2 வோல்ட் எங்கே போச்சு? பேட்டரியின் எர்த் ஒயர் சேசிஸில் சேரும் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இறுக்கினதும் பேட்டரியில் 14.1 வந்தது. செலவு ஒரு உப்புத்தாள். இதுக்குத்தான் நான் இரண்டு பேட்டரி வாங்கினேன். அரைவயிற்றில் கிடந்தே அதன் தகடுகளில் சல்பேட் படிந்து செத்திருக்கு. ஒவ்வொரு தடவையும் மாற்றிக் கொடுத்த கடையில் ஒருத்தரும் மீட்டர் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏறி உட்கார்ந்து புல் வெட்டுற வண்டியில் பெரும்பாலும் தனி டைனமோ இருக்காது. எஞ்சின் சக்கரத்துக்கு உள்ளே காந்தமும் காயிலும், வெளியே ஒரு ரெகுலேட்டரும் இருக்கும். பல வண்டிகளில் ரெகுலேட்டர் உடம்பை இறுக்கும் போல்ட்தான் அதுக்கு எர்த்து. அங்கே துருவோ பெயிண்ட்டோ இருந்தா இதே கதைதான்.

ஊரில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கு: வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கி, எஞ்சின் நின்னுடுச்சா பார் என்பது. டைனமோவுக்குள்ள இருக்கிற டையோடு அதிலேயே போயிடும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, பொறி பட்டால் வெடிக்கும். நிறுத்தின வண்டியில் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். ஓடும்போது 15-க்கு மேல் காட்டினால் அதுவும் கோளாறுதான், தண்ணி கொதித்து வற்றும். ஊற்றும்போது டிஸ்டில் வாட்டர் மட்டும். போர்த் தண்ணி வேண்டாம்.

இன்னொன்று. தேவையில்லாமல் மாற்றுகிற ஒவ்வொரு பேட்டரியும் கிலோக்கணக்கில் ஈயம். யூரியா ஒரு மழையில் கரைந்து போகலாம், மண்ணில் விழுந்த ஈயம் நம்ம பேரன் காலத்திலும் அங்கேயேதான் கிடக்கும். பழைய பேட்டரியைக் காயலான் வண்டிக்குப் போடாமல், ஆசிட்டை வாய்க்காலில் ஊற்றாமல், விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ஆம் ஆண்டு விதிகளே சொல்லுது.

மானியத்தில் இயந்திரம் வாங்க வரிசையில் நிற்கிறோம், அதைப் பழுது பார்க்கக் கத்துக்க யாரும் நிற்பதில்லை. நம்ம கூட்டங்களில் பஞ்சகவ்யா கலக்கிக் காட்டுறோம், மீன் அமிலம் காட்டுறோம். சில நூறு ரூபாய் மீட்டரை மட்டும் ஏன் காட்டுவதில்லை? குழுவுக்கு ஒரு மீட்டரும் ஒரு சார்ஜரும் பொதுவில் இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு நான் மீட்டரோடு வர்றேன். செல்ஃப் எடுக்காத வண்டி இருந்தா, கட்டி இழுத்தாவது கொண்டு வாங்க.