பூட்டிய அலுமாரியும் தண்டனைச் சட்டக்கோவையும்

சென்ற மாதம் ஒரு கிராமத்து வாசிகசாலையின் நிர்வாகசபைக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். கூரை திருத்துவதற்குப் பணம் சேர்ப்பது பற்றிப் பேசவே போனேன். கூரைப் பேச்சுப் பத்து நிமிடத்தில் முடிந்தது. எஞ்சிய ஒன்றரை மணி நேரமும் ஒரேயொரு புத்தகத்தின்மேல் கழிந்தது. கனடாவிலிருந்து ஊருக்கு வந்த அன்பர் ஒருவர் அன்பளிப்பாக விட்டுச்சென்ற ஆங்கில நூல்களுள் அதுவும் ஒன்று. சியாம் செல்வதுரை இளையோருக்கென எழுதி 2005இல் வெளியான 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ' என்னும் நாவல். அதிலே ஒரு பையன் இன்னொரு பையன்மேல் காதல் கொள்கிறானாம். ஆகவே அதனை உடனே அகற்ற வேண்டுமாம்!

"படித்தீர்களா?" என்று கேட்டேன். சபையிலிருந்த ஒன்பது பேரில் ஒருவரும் படித்திருக்கவில்லை. பின்னட்டையைப் படித்தவர் ஒருவர். அவர் சொல்லக் கேட்டவர் எண்மர். இத்தகைய செவிவழிச் சாட்சியத்தை எந்த நீதவானும் ஏற்கமாட்டார். சபை ஏற்றுக்கொண்டது. புத்தகம் அலுமாரிக்குள் போயிற்று. திறப்பு தலைவரின் சட்டைப்பைக்குள் போயிற்று.

குற்றஞ் சாட்டப்பட்ட நூல் எது, அதை எழுதியவர் யார் என்பதை முதலில் பதிவுசெய்வோம். செல்வதுரை கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர்; 1983 யூலைக் கலவரத்தின்பின் குடும்பத்தோடு கனடா சென்றவர். அக்கலவரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வீடிழந்து நாடிழந்த கதையை 1994இல் 'ஃபனி போய்' என்னும் நாவலில் எழுதி, எமது துயரை உலகின் வாசகர் முன் வைத்தவர். அந்நாவலின் நாயகனான தமிழ்ச் சிறுவனும் தன்பாலாரை நேசிப்பவனே. எமது கலவரக் கதையை எழுதினார் என்று மேடைதோறும் அவரை எடுத்துக் காட்டுகிறோம். அதே கதையின் மறுபாதியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இது என்ன நியாயம்?

பூட்டப்பட்ட நூலோ 1980ஆம் ஆண்டின் கொழும்பில், ஒரு மழைக்காலத்தில் நடப்பது. தாயை இழந்து, தாயின் தோழி வீட்டில் வளரும் அம்ரித் என்ற பதினான்கு வயதுப் பையன். பாடசாலையிலே 'ஒதெல்லோ' நாடக ஒத்திகை. கனடாவிலிருந்து வந்து சேருகிறான் நிரேஷ் என்னும் மைத்துனன். அவன்மேல் தனக்குள்ள அன்பு வெறும் உறவினன் அன்பன்று என்பதை அம்ரித் மெல்ல மெல்ல உணர்கிறான், பொறாமையில் வேகிறான், தன்னையே கண்டு அஞ்சுகிறான். கதையின் சாரம் இவ்வளவுதான். கனவான்கள் அஞ்சிய ஆபாசத்தை நான் பக்கம் பக்கமாகத் தேடினேன், கிடைக்கவில்லை. எமது சினிமாப் பாட்டுகளில் அதைவிட எவ்வளவோ அதிகம் உண்டு. அவை வாசிகசாலை ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன.

இப்படி ஒரு கதை ஒரு பிள்ளைக்கு ஏன் வேண்டும்? வாதத்தால் விளக்குவதிலும் பார்க்க, கண்டதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் என் அலுவலகத்துக்கு வந்தான். சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்டுப் பிணையில் வந்தவன். பத்து நிமிடம் வாய் திறக்கவில்லை. பின் சொன்னான்: பதினான்கு வயது முதல், உலகத்திலே தான் ஒருவனே இப்படி என்று நம்பியிருந்தானாம். பாடப் புத்தகத்தில் தன்னைப்போல் ஒருவனைக் கண்டதில்லை. கதைப் புத்தகத்தில் கண்டதில்லை. நண்பர் வாயில் கண்டது வசைச்சொல்லை மட்டுமே. தன்னைக் குறித்து எழுத்தில் அவன் முதன்முதல் படித்த வாசகம் பொலிசாரின் அறிக்கையில் இருந்த 365ஏ என்னும் பிரிவு.

ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அவனைப்பற்றிக் கூறும் முதல் நூல் தண்டனைச் சட்டக்கோவையாக இருக்கலாமா? இந்தக் கேள்விக்கு அலுமாரியைப் பூட்டியவர்கள் விடை கூற வேண்டும். கதையை மறைத்தால் இத்தகைய பிள்ளைகள் பிறவாமலிருக்கப் போவதில்லை. அந்த இளைஞனின் கையில் எந்தக் கெட்ட புத்தகத்தையும் யாரும் கொடுக்கவில்லை. எந்தப் புத்தகமும் இல்லாமலேயே அவன் அவனாக இருந்தான்; தனிமையில் இருந்தான் என்பது ஒன்றே வேறுபாடு.

"இது மேனாட்டு நோய்; எமது பண்பாட்டில் இல்லாதது" என்றார் சபையில் ஒருவர். மேனாட்டிலிருந்து வந்தது எது என்று பார்ப்போம். 365ஆம் பிரிவு 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. விக்டோரியா மகாராணியின் காலத்தில் வெள்ளையன் எழுதித் தந்தது. இயற்கை நியதிக்கு விரோதமான உடற்சேர்க்கை என்று கூறிப் பத்தாண்டு வரை சிறை வைத்தது அது. அதனை எழுதியவனின் சொந்த நாடான இங்கிலாந்து 1967இலேயே, இருபத்தொரு வயது வந்த ஆண்கள் மனமொப்பித் தனிமையில் செய்வது குற்றமன்று என்றது. நாமோ சுதந்திரம் பெற்று நாற்பத்தேழாண்டு கழித்து, 1995இல், ஆண்களை மட்டும் தண்டித்த 365ஏ பிரிவைத் திருத்திப் பெண்களையும் அதற்குள் இழுத்துப் போட்டோம். சமத்துவத்தை நாம் நிலைநாட்டிய விதம் அது! அப்பிரிவுகளை மாற்றும் தனியார் சட்டமூலம் ஒன்று 2023இல் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று நீதிமன்றம் தீர்மானித்தது. பாராளுமன்றம் அதைச் சட்டமாக்காமலே 2024இல் கலைந்தது.

எமது பண்பாட்டில் இல்லை என்பதும் முழு உண்மையன்று. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் உயர்திணைக்குள்ளே வைத்து இலக்கணம் வகுத்தார். சிகண்டியும் பிருகன்னளையும் விடிய விடியப் பார்க்கும் எமது பாரதக் கதையின் பாத்திரங்கள். இவை பால் திரிபைக் கூறுகின்றன, தன்பாற் காதலைக் கூறவில்லையே என்று ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்பின், அது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத மனிதரை எமது முன்னோர் கண்டதேயில்லை என்ற கூற்று இலக்கணத்தின் முன்னும் கூத்தின் முன்னும் நிற்காது. தமிழ்நாட்டிலே லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' என்று திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே தமிழில் எழுதிவிட்டார்கள். அவை வளர்ந்தோர் வாசிக்கும் வாழ்க்கைச் சரிதங்கள். பதினான்கு வயதுக்காரன் ஒளித்துவைக்காமல் வாசிக்கக்கூடிய கதைகள் எமது தட்டுகளில் எத்தனை?

அடுத்தது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற வாதம். இதற்கு ஒரு வழக்கைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் நான்சி கார்டன் 1982இல் 'ஆனி ஒன் மை மைண்ட்' என்னும் இளையோர் நாவலை வெளியிட்டார். நியூயோர்க்கிலே பதினேழு வயதுப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் நேசிக்கும் கதை. 1993இல் கன்சாஸ் நகர்ப் பகுதிப் பள்ளிகளுக்கு அந்நூலின் பிரதிகள் அன்பளிப்பாக வழங்கப்பட்டன. எதிர்த்தவர்கள் கல்விச்சபைக் கட்டடத்தின் முன் ஒரு பிரதியைத் தீயிட்டார்கள். அயலிலுள்ள ஒலேத்தா என்னும் ஊரின் கல்விச்சபை அன்பளிப்பை மறுத்ததோடு நிற்கவில்லை. தன் பள்ளி நூல்நிலையத்தில் எத்தனையோ ஆண்டுகளாக யாருக்கும் தீங்கு செய்யாமல் இருந்த பழைய பிரதியையும் அகற்றிற்று. மாணவரும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். 1995 நவம்பரில் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி தோமஸ் வான் பெபர் தீர்ப்பளித்தார். சபையார் நூலை அகற்றியது அதன் கல்வித் தகுதி குறைந்ததாலன்று. அதிலுள்ள கருத்து தமக்குப் பிடிக்காததால். அரசியலமைப்பு அதனை அனுமதிக்காது. சபை மேன்முறையீடு செய்யவில்லை. நூல் தன் தட்டுக்குத் திரும்பிற்று.

இங்கிலாந்தின் கதை வேறு. அதில் தீயும் இல்லை, வழக்கும் இல்லை. இரண்டு ஆண்கள் வளர்க்கும் ஒரு சிறுமியைப் பற்றிய, டென்மார்க்கிலிருந்து வந்த சிறு படநூல் ஒன்றைப் பத்திரிகைகள் பெரிய அபாயமாக்கின. 1988இல் உள்ளூராட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பிறந்தது. தன்பாற் காதலை உள்ளூராட்சி மன்றங்கள் ஊக்குவிக்கக் கூடாதென்றது அது. ஸ்கொட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003இலும் நீக்கப்படும்வரை, அதன்கீழ் ஒரு வழக்காவது வெற்றிபெறவில்லை. வெற்றிபெறத் தேவையும் இருக்கவில்லை. ஆசிரியர்கள் தாமே வாயை மூடினார்கள். நூலகர்கள் தாமே தட்டை வெறுமையாக்கினார்கள். எமது தலைவரின் சட்டைப்பையிலுள்ள திறப்பும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

"பெற்றோருக்கு உரிமை இல்லையா?" என்பர். உண்டு. 2025 யூனில் அமெரிக்க உயர்நீதிமன்றம், மேரிலாந்திலே ஆரம்ப வகுப்பில் இத்தகைய கதைகள் வாசிக்கப்படும்போது தம் பிள்ளைகளை மத நம்பிக்கையின்பேரில் விலக்கிக்கொள்ளக் கேட்ட பெற்றோரின் பக்கம் நின்றது. அத்தீர்ப்பில் எனக்கு முழுத் திருப்தியில்லை. ஆயினும் அதைக் கையில் எடுத்து வருவோர் அதை நன்றாகப் பார்க்கட்டும். அப்பெற்றோர் கேட்டது தத்தம் பிள்ளைக்கு விலக்கு. ஒருவர் தன் மகனுக்கு "இதைப் படியாதே" என்று சொல்லட்டும். அது அவர் வீட்டுக் காரியம். அயல்வீட்டான் மகனுக்கும் சேர்த்து அலுமாரியைப் பூட்டும் அதிகாரத்தை அவருக்கு எவர் வழங்கினார்?

பிரதிநிதித்துவம் என்றால் என்னவென்று தமிழனுக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுக்கு ஐம்பது கேட்டவர்கள் நாம். அரசாங்க வரலாற்றுப் பாடநூலில் எமக்கு எத்தனை பக்கம் என்று விரல்விட்டு எண்ணுகிறவர்கள் நாம். தன் முகம் காணாத புத்தகத்தைப் படித்து வளரும் பிள்ளை தன்னை இந்நாட்டுக்கு வேண்டாதவனாகவே எண்ணுவான் என்று ஆண்டாண்டாய் மேடையில் முழங்குகிறோம், நானே முழங்கியிருக்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை நினைத்து இன்றும் நெஞ்சு எரிகிறோம். ஒரு புத்தகத்தைப் பூட்டுவது அதற்கு ஈடாகாது. அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் எமக்குள்ளே சிறுபான்மையாய் உள்ள ஒரு பிள்ளை எம்மைப் பார்த்து அதே வாதத்தைச் சொன்னால் எமது விடை என்ன? பெரும்பான்மையான் எமக்குச் சொன்ன விடையேதானா?

சென்னை உயர்நீதிமன்றத்திலே 2021இல் இரண்டு இளம்பெண்கள் தாம் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இவ்விடயத்தில் போதிய அறிவில்லை என்று திறந்த மன்றிலே ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுக் கற்றபின்பே உத்தரவை எழுதினார். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டு அரசு, இம்மக்களை வசையின்றிக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டதும் அவ்வழக்கின் விளைவே. பெரிய நீதியரசர் ஒருவர் படிக்காமல் தீர்ப்பளிக்கக் கூசினார். ஒன்பது பேர் கொண்ட எமது நிர்வாகசபை கூசவில்லை.

வாசிகசாலையின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிறு நடைபெறும். அந்நூலை இளையோர் தட்டில் வைக்கவேண்டுமென்ற பிரேரணையை எழுத்தில் அனுப்பிவிட்டேன். வழிமொழிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்வந்துள்ளார். எதிர்த்துப் பேச விரும்புவோர் தாராளமாகப் பேசலாம். நூலை வாசித்துவிட்டு வரவேண்டும் என்பதே என் நிபந்தனை. வாசிப்பதற்குத் தலைவர் முதலில் அலுமாரியைத் திறந்தாக வேண்டும்.