ஈறையும் கொஞ்சம் கவனிங்க சார்!

மங்கலம்பேட்டையில் காலை பஸ்ஸைப் பிடித்து விருத்தாசலத்துக்கு ஆபீஸ் ஓடுகிறவரா நீங்கள்? பல் தேய்க்க எவ்வளவு நேரம்? "அரை நிமிஷம் சார், பஸ் போயிடும்!"

ஒருநாள் எச்சிலோடு ரத்தம் வரும். உடனே, 'பிரஷ் குத்திடுச்சு' என்று அதை ஓரங்கட்டிவிட்டு உமிக்கரி, செங்கல் பொடி என்று இறங்கிவிடுவார்கள். அங்கேதான் தப்பு! அவை பல்லைத்தான் தேய்த்துக் கரைக்கும்.

ரத்தம் வருவது பெரும்பாலும் தேய்த்ததால் அல்ல, சரியாகத் தேய்க்காததால். ஈறு ஓரத்தில் படியும் கிருமிப் படலம்தான் ஈறை வீங்க வைக்கிறது. மெத்தென்ற பிரஷ்ஷை அந்த ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, காலையும் இரவும் 2 நிமிஷம் அழுத்தாமல் தேயுங்கள். ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது கம்பெனிக்குத்தான் லாபம்!

புகையிலை கலந்த பல்பொடிக்கு 1992-லேயே தடை வந்துவிட்டது. சிகரெட் ஆசாமிகளே, ரத்தம் வரவில்லையே என்று சிரிக்காதீர்கள். புகை ஈறு நோயை மறைத்துவிடும்.

ரெண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லையா? பல் டாக்டரிடம் போங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் பத்து நிமிஷம் தேய்த்தால் போதாது, தம்பி!