‘மறுபடியும் தோட்டமா?’: அலங்காரத் தோட்டக்கலை படித்தால் என்ன வேலை?

எஸ்.பி.எம். முடித்துவிட்டு, “சமூகக் கல்லூரியில செடி வளர்க்குற கோர்ஸ் எடுக்கப் போறேன்” என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். “தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்துல பட்டது போதாதா? மறுபடியும் தோட்டமா?” என்று கேட்கக்கூடும்.

கோபப்படாதீர்கள். மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்றால் முதலில் ஞாபகம் வருவது எஸ்டேட்தான். அதிலிருந்து வெளியே வர ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. ஆனால் இந்தப் படிப்பும் அந்த வேலையும் ஒன்றா?

என்ன படிப்பு இது?

சாப்பாட்டுக்காக அல்லாமல், அழகுக்கும் நிழலுக்கும் வளர்க்கும் செடிகளைப் பற்றியது அலங்காரத் தோட்டக்கலை. பதியம் போடுவது, ஒட்டுக் கட்டுவது, மண் கலப்பது, நோயைக் கண்டுபிடிப்பது, புல்வெளி பராமரிப்பு, நர்சரி நடத்துவது எல்லாம் இதில் அடங்கும்.

பினாங்கில் இதற்கு என்ன இடம்?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போயிருப்பீர்கள். அங்கே போகும் ஜாலான் கெபுன் புங்காவுக்குப் பூந்தோட்டச் சாலை என்று அர்த்தம். அதே சாலையில் இருக்கும் தாவரவியல் பூங்கா 1884-இல், பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் உருவானது. அதை உருவாக்கியவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற தோட்டக்கலை நிபுணர். அங்குள்ள நாகலிங்க மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது இங்கே பூக்கிறது.

அழகு மட்டும்தானா?

இல்லை, இது உயிர் சம்பந்தப்பட்ட வேலையும்கூட. 2024 மே 7-இல் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார். பெரிய மரத்தை நினைத்தபடி வெட்டவும் முடியாது. தண்டின் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரங்களுக்கு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் பாதுகாப்பு தருகிறது. எதைக் காப்பாற்றலாம், எதை அகற்ற வேண்டும் என்று சொல்லப் படித்த ஆள் தேவை.

சம்பளம்?

இங்கேதான் கவனம் வேண்டும். சான்றிதழ் மட்டும் பெரிய சம்பளம் தந்துவிடாது. புல் வெட்டும் வேலையோடு நின்றுவிட்டால், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே இருக்க நேரலாம். மர மருத்துவம், நிலவடிவமைப்பு, சொந்த நர்சரி என்று அடுத்த படிக்குப் போனால்தான் நிலைமை மாறும். சமூகக் கல்லூரிச் சான்றிதழோடு போலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

எல்லாச் சமூகக் கல்லூரியிலும் எல்லாக் கோர்ஸும் கிடையாது. யுபியு இணையத்தளத்தில் விண்ணப்பிக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தொழிற்பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்? எந்த டிப்ளோமாவுக்குப் போகலாம்? சந்தேகம் தீரவில்லையா? குறுகியகாலப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, கையில் மண் பட்ட பிறகு முடிவெடுங்கள்.

எஸ்டேட்டில் எந்த மரம், எத்தனை மரம் என்று முடிவு செய்தது வேறு யாரோ. இந்தப் படிப்பு அந்த முடிவை உங்கள் கையில் தருகிறதா என்று பாருங்கள். தருகிறது என்றால், வீட்டில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.