வெள்ள எச்சரிக்கையில் ஒரு தமிழ்க் கட்டம்

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அந்த மாதங்களில் நம் புலனக் குழுக்களில் எச்சரிக்கைப் படங்கள் சுற்றிவரும். "கனமழை வருகிறது, கவனம்!" என்றிருக்கும். எந்த ஊருக்கு? இன்றைக்கா, போன வாரத்திற்கா? சொன்னது யார்? படத்தில் விடை இருக்காது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் ஜோகூரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இப்படிப்பட்ட மாநிலத்தில் அரைகுறை எச்சரிக்கை ஆபத்தானது.

இதற்கென்றே உலகப் பொது வடிவம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'கேப்', அதாவது பொது எச்சரிக்கை நெறிமுறை. முதல் பதிப்பு 2004இலும் 1.2 பதிப்பு 2010இலும் வெளிவந்தன. இது எக்ஸ்எம்எல் மொழியில் எழுதப்படுகிறது. எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டும் முறை. <இடம்>லாயாங் லாயாங்</இடம்> என்று எழுதினால், அது ஓர் இடத்தின் பெயர் என்பதை நிரல் பிரித்தறியும். அனுப்பியவர், அனுப்பிய நேரம், காலாவதியாகும் நேரம், பகுதி, செய்ய வேண்டியது என எல்லாவற்றுக்கும் கேப் கோப்பில் தனித்தனிக் கட்டம் உண்டு. ஒரே கோப்பில் ஒரே செய்தியைப் பல மொழிகளில் வைக்கவும் இடம் உண்டு.

நம் நாட்டின் திறந்த தரவுத் தளத்திலும் வானிலை எச்சரிக்கைகளை நிரல்களுக்கு இலவசமாக வழங்கும் சேவை இருக்கிறது. அது ஜேசன் என்ற வேறு வடிவில் வருகிறது. பெயரிட்ட கட்டங்கள் என்ற அடிப்படை ஒன்றுதான். அதில் மலாய்க்கு ஒரு கட்டம், ஆங்கிலத்திற்கு ஒரு கட்டம். தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்பதே என் கருத்து.

"எல்லாருக்கும்தான் மலாய் தெரியுமே" என்பார்கள். இளையோருக்குத் தெரியும். ஆனால் தோட்டத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்கு, இரவு இரண்டு மணிக்கு, அலுவலக மலாய் உடனே புரியுமா? எச்சரிக்கையில் முக்கியம் வேகம். தாய்மொழியில் படித்தால் யோசிக்காமல் கிளம்பலாம். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் கேப் முறையில் இயங்குகிறது. வட்டார மொழிகளிலும் எச்சரிக்கை அனுப்புகிறது.

செலவு அதிகமாகுமா? இங்கேதான் பெயர்ச்சீட்டின் பலன் தெரிகிறது. கேப் முறையில் அவசரத்துக்கு 5 சொற்கள், கடுமைக்கு 5, உறுதிக்கு 5, செய்ய வேண்டிய செயலுக்கு 9 என்று முன்பே வரையறுத்திருக்கிறார்கள். இவற்றை ஒருமுறை கவனமாகத் தமிழாக்கினால் ஆயிரம் எச்சரிக்கைகளுக்குப் பயன்படும். ஆனால் கவனம் தேவை. 'லைக்லி' என்றால் நடக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 'பாசிபிள்' என்றால் பாதியோ அதற்குக் குறைவோ. இரண்டையும் "வாய்ப்பு உண்டு" என்று மொழிபெயர்த்தால் வேறுபாடு அழிந்துவிடும். "பெரும்பாலும் நடக்கும்", "நடக்கவும் கூடும்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இதை மொழிபெயர்ப்புச் செயலியிடம் விட்டுவிடாமல், தமிழும் வானிலையும் அறிந்தவர்கள் செய்ய வேண்டும்.

நிரல் எழுதப் பழகும் மாணவர்களே, இத்தகைய சேவையைக் கையாளும்போது நான்கு விஷயங்களை மறவாதீர்கள்.

முதலாவது, நேரம். "18:00" என்று மட்டும் எழுதாமல் "+08:00" என்ற நம் நேர வேறுபாட்டையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் உலக நேரமாக எடுத்துக்கொள்ளும் நிரல், மாலை 6 மணிக்கு முடிந்த எச்சரிக்கையை அதிகாலை 2 மணி வரை காட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, இடம். லாயாங் லாயாங் ஏறத்தாழ 1.8 பாகை வட அகலாங்கில், 103.5 பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கிறது. கேப் கோப்பில் அகலாங்கு முதலில் வரும். வரைபடங்களுக்கான ஜியோஜேசன் வடிவில் நெட்டாங்கு முதலில் வரும். மாற்றிப் போட்டால் அகலாங்கு 103.5 ஆகிவிடும். அது 90ஐத் தாண்டாது என்பது புவியியல் பாடத்தில் படித்ததுதானே? அந்தச் சோதனையை நிரலிலேயே வையுங்கள்.

மூன்றாவது, எழுத்து. கோப்பை யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமியுங்கள். எக்ஸ்எம்எல்லில் & குறியை அப்படியே எழுதக்கூடாது; ஒன்று தப்பினாலும் விதிப்படி இயங்கும் நிரல் முழுக் கோப்பையும் நிராகரிக்கும். ஆகவே சொற்களைக் கையால் ஒட்டிக் கோப்பு தயாரிக்காதீர்கள். அதற்கென இருக்கும் நிரல் தொகுப்பிடம் வேலையை ஒப்படையுங்கள்.

நான்காவது, மொழி. மொழியைக் குறிப்பிடாத செய்தியை கேப் முறை அமெரிக்க ஆங்கிலம் என்றே கொள்ளும். தமிழ் என்று குறித்தால்தான் வாசித்துக்காட்டும் செயலி தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க முடியும். படிக்கத் தெரியாத முதியவருக்கு அந்தக் குரல்தான் எச்சரிக்கை.

தரவுச் சேவையை நடத்துவோர் தமிழ்க் கட்டத்தைத் திறக்கட்டும். அதற்குள் நாம் சொற்பட்டியலைத் தயார் செய்யலாம். கணினிக் கழகமும் தமிழ்மொழிக் கழகமும் இருக்கும் பள்ளிகளில், இரண்டும் சேர்ந்து செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.